குழிக்குள் இறங்கப் பழகிய நாட்கள்

என்னால் ஒரு கதிரையில் பத்து நிமிடம் ஒழுங்காக இருக்க முடியாது. இருந்தால் வலது கால் தானாக ஆடத் தொடங்கிவிடும். பத்திரிகையை விரிப்பேன், மடிப்பேன், எழும்பிப் போய் கேற்றடியில் நின்று யாராவது வருகிறார்களா என்று பார்ப்பேன். யாரும் வரமாட்டார்கள். திரும்பி வந்து அதே கதிரையில் விழுவேன். என் மனைவி முப்பத்தெட்டு வருடமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "கால ஆட்டாம இரிங்க, வீடே ஆடுது" என்பாள். நான் வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் ஆட்டுவேன்.

இப்படிப்பட்டவன் நிறைய நடப்பவனாக இருப்பான் என்று யாருக்கும் தோன்றும். அதுதான் இல்லை. நீர்ப்பாசன வேலையில் இருந்த முப்பது வருடமும் வாய்க்கால் கட்டுகளில் மோட்டார் சைக்கிளில் திரிந்தே பழகிவிட்டேன். பென்சன் எடுத்த பிறகும் அதை விட்டு இறங்க மனம் வரவில்லை. பள்ளிவாசல் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் இருக்கிறது. அதற்கும் மோட்டார் சைக்கிள்தான். போய் இறங்கினால் அங்கே ஒரு கதிரை காத்திருக்கும்.

முழங்கால் நோவுள்ளவர்களுக்காக எங்கள் பள்ளியில் தொழுகை வரிசையின் ஓரமாகக் கதிரைகள் போட்டிருக்கிறார்கள். முந்தி இரண்டே இரண்டு கிடந்தன, இப்போது பதினொன்று. ஆறு வருடத்துக்கு முன் ஒரு நோன்பு மாதத்தில், முழங்கால் கொஞ்சம் குத்துகிறது, இந்த ஒரு மாதம் மட்டும் இருந்து தொழுவோம் என்று அதில் உட்கார்ந்தேன். அந்த மாதம் முடிந்தது, பெருநாளும் போனது, நான் எழும்பவில்லை. நிலத்தில் நெற்றியை வைக்கும் இடம் வரும்போது, மற்றவர்கள் எல்லாரும் கீழே போவார்கள், நான் கதிரையில் இருந்தபடி தலையைக் கொஞ்சம் குனிப்பேன். முன்னால் முதுகுகள் மட்டும் தெரியும்.

என் மனைவிக்கு மூன்று வருடத்துக்கு முன் நெஞ்சில் ஒரு இரத்தக் குழாய் பாதி அடைத்திருப்பதாக டொக்டர் சொன்னார். மருந்தும் தந்து, நடக்கவும் சொன்னார். அவள் அடுத்த நாளே நடக்கத் தொடங்கினாள். விடிய முன் சுபஹு தொழுதுவிட்டு, பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரோடு கடற்கரைக்குப் போய், பாண்டிருப்புப் பக்கமாக நடந்து திரும்பி வருவாள். வரும்போது வெயில் கிளம்பியிருக்கும். கிணற்றடியில் காலைக் கழுவிக்கொண்டே சத்தமாக நபியின் மேல் சலவாத்து ஓதுவாள்.

முதல் வருடம் ஒவ்வொரு நாளும் என்னைக் கேட்டாள்.

"வாங்களன், ரெண்டு பேருமாப் போவம்."

"பொம்புளையளோட கடக்கரையில எனக்கென்ன வேல? அஞ்சு நேரமும் தொழுறன், அது காணாதா?"

"ஓம், கதிரையில இருந்து" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போடுவாள்.

எனக்குக் கோபம் வரும். ஒரு வருடத்துக்குப் பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். நிம்மதி என்றுதான் அப்போது நினைத்தேன்.

போன வருடம் என் ராத்தா மௌத்தாகிப் போய்ச் சேர்ந்தாள். ராத்தா என்றால் எனக்கு மூத்தவள், கூடப் பிறந்த ஒரே ஒருத்தி. நெடுநெடுவென்று உயரம், வாய் அதைவிட நீளம். கணவரை அடக்கிவிட்டு வந்த அன்று, வீடு நிறைய ஆட்கள் இருக்க, என்னை மூலைக்குக் கூப்பிட்டுச் சொன்னாள்: "எனக்கு ஆம்புளப் புள்ள இல்ல. மருமக்கள் வெளிநாட்டில. என்ன நீதான் கபுறுக்குள்ள இறங்கி வாங்கணும். ஊராக்கள்ட கையில குடுத்திராத." என் வாய்க்குள் பிஸ்கட் இருந்தது. "ஓம் ஓம்" என்றேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணின் ஜனாஸா அடக்கம் என்றால் அவளுக்கு உரித்தான ஆண்கள்தான் கபுறுக் குழிக்குள் இறங்கி நின்று, மேலிருந்து கொடுக்கும் உடலைக் கையில் வாங்கிக் கிடத்துவார்கள். கணவன், மகன், கூடப் பிறந்தவன், இப்படி. அப்படி ஒருவரும் இல்லாவிட்டால், அல்லது முடியாவிட்டால், மற்றவர்கள் இறங்கலாம், குற்றமில்லை. ஆனால் ஒரு பெண் உயிரோடு இருக்கும்போது யார் கையில் போகப்போகிறாள் என்று யோசிப்பாள். ராத்தா யோசித்திருந்தாள்.

அடக்கம் செய்யும் மையவாடியில், பின்நேர அஸர் தொழுகைக்குப் பிறகும் நல்ல வெயில். எங்கள் ஊர் மண் கடல் மணல். நேராக வெட்டினால் நிற்காது, பலகை வைத்துத்தான் கபுறு எடுப்பார்கள். "உரித்துக்காரர் இறங்குங்க" என்றார் முன்நின்று செய்பவர். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டேன். கீழே நெஞ்சளவு ஆழம். வலது முழங்காலை மடித்து ஊன்ற வேண்டும். மடியவில்லை. கையை ஊன்றினேன், கைக்குக் கீழே மணல் சரிந்தது, நானும் சேர்ந்து பின்புறமாகச் சறுக்கினேன். இரண்டு இளந்தாரிகள் கமுக்கட்டில் பிடித்து என்னை மேலே இழுத்தார்கள்.

"சேர், நீங்க மேல நில்லுங்க. நாங்க பாத்துக்கொள்றம்."

மரியாதையாகத்தான் சொன்னார்கள். யாரும் சிரிக்கவில்லை. மூன்று பேர் பொத்தென்று குதித்து இறங்கினார்கள். அவர்களில் ஒருவனை எனக்கு யாரென்றே தெரியாது. ராத்தாவை அவர்கள் கையில் கொடுத்தார்கள். நான் மேலே நின்றேன். மூன்று பிடி மண் போடும் முறை வந்தபோது அதை மட்டும் குனிந்து அள்ளினேன், அதற்கும் ஒருவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ராத்தாவின் வீட்டுக்கு வந்தால் அவளுடைய பெண்மக்கள் இரண்டு பேரும் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் பெண்கள் மையவாடிக்கு வருவதில்லை. அங்கே நடந்தது எல்லாம் அவர்களுக்கு நாங்கள் சொல்லித்தான் தெரியும்.

"மாமா, உம்மாவ நீங்கதானே இறக்கின?"

"ஓம் மகள்" என்றேன். "நான்தான் இறக்கின."

இரண்டு பேரும் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அந்தக் கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டுக்குப் போன பிறகு என் மனைவி கேட்டபோதும் அதே பொய்யைத்தான் சொன்னேன். அவள் நான் உடுத்திருந்த சாரத்தைக் கழுவ வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. முந்தியும் கொள்ளாதுதான், இது வேறு மாதிரி. கேற்றுக்கும் கதிரைக்கும் நடந்துகொண்டே இருப்பேன். என் மனைவி மாத்திரையைத் தண்ணீரில் விழுங்குவதைப் பார்ப்பேன். பார்த்துவிட்டுக் கணக்குப் போடுவேன். எங்களுக்கு இரண்டும் பெண்கள். மருமக்கள் இரண்டு பேரும் கத்தாரில். அவளுடைய கூடப் பிறந்த காக்காமார் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அப்படியென்றால் அவளுக்கு நான்தான். நான் ஒருவன்தான். அவளுக்கும் ஒரு நாள் வந்தால், நான் மேலே நிற்க, யாரோ ஒரு இளந்தாரி "சேர் நீங்க தள்ளுங்க" என்று சொல்லிவிட்டு அவளை வாங்குவான். இதை நினைத்தால் எழும்பிக் கேற்றடிக்குப் போய்விடுவேன். வெட்கம் என்று முதலில் நினைத்தேன். வெட்கமில்லை, பயம்.

பயந்தவன் செய்யும் வேலையைத்தான் செய்தேன். ஒருவருக்கும் சொல்லாமல் அஸருக்குப் பிறகு கடற்கரைக்குப் போய், இறுக்கமில்லாத மணலில் ஒரு மணித்தியாலம் வேகமாக நடந்தேன். அடுத்த நாளும் நடந்தேன். மூன்றாம் நாள் காலையில் முழங்கால் பனங்காய் மாதிரி வீங்கிக் கிடந்தது. மனைவி எண்ணெய் தேய்த்துவிட்டாள். "எங்க விழுந்தீங்க?" என்று கேட்டாள். விழவில்லை என்றேன். அது உண்மை, ஆனால் அவள் நம்பவில்லை.

கிளினிக்கில் என்னை உடற்பயிற்சி சொல்லித்தரும் பகுதிக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த பெண்ணுக்கு என் இளைய மகளைவிடக் குறைந்த வயது. நெற்றியில் சின்னப் பொட்டு, முகத்தில் கொஞ்சமும் பயமில்லை.

"உங்களுக்கு என்ன செய்ய ஏலும்படி ஆகணும் ஐயா?"

"கீழ இறங்கணும். மறுகா ஏறணும்."

"எவ்வளவு கீழ?"

நான் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கிணத்துக்குள்ளயா?"

"அப்படித்தான் வையுங்களன்."

"சரி. இப்ப என்ன பயிற்சி செய்றீங்க?"

"அஞ்சு நேரமும் தொழுறன்" என்றேன், கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி.

"அது நல்லம் ஐயா. ஒரு நாளைக்கு எத்தின தரம் குனிஞ்சு, இருந்து, எழும்புறீங்க. அப்படி இருந்தும் ஏன் இந்தத் தொடை இப்படி மெலிஞ்சு கிடக்கு?"

நான் சுவரைப் பார்த்தேன். சுவரில் முள்ளந்தண்டுப் படம் ஒன்று தொங்கியது.

"கதிரையில இருந்துதான் தொழுற" என்றேன்.

"ஆ" என்றாள் அவள். அதற்கு மேல் சொல்லியிருந்தால் நான் கோபித்துக்கொண்டு எழும்பி வந்திருப்பேன்.

முழங்காலில் பெரிய பழுது இல்லை, அதைத் தாங்க வேண்டிய தசைதான் வற்றிப்போய்விட்டது என்றாள். இருந்தே கழித்தால் எந்த வயதிலும் வற்றும், ஒழுங்காக வேலை கொடுத்தால் எழுபதிலும் திரும்பி வரும் என்றாள். கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து எழும்பச் சொன்னாள். எழும்ப முடியவில்லை. இரண்டாம் முறை முன்னால் சாய்ந்து, பல்லைக் கடித்து எழும்பினேன். மூன்றாம் முறை பாதியில் தொப்பென்று விழுந்தேன். அணைக்கட்டுக்கும் மதகுக்கும் அளவு சொன்ன மனிதனுக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரையிலிருந்து மூன்று தரம் எழும்ப முடியவில்லை.

"மெல்ல இருங்க ஐயா. நாலு எண்ணுங்க. நீங்க இருக்கல்ல, விழுறீங்க."

வீட்டில் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன். அவசரக்காரனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணி உட்கார வேண்டும். எண்ணாமல் உட்கார்ந்தால் கதிரை கிறீச்சென்று காட்டிக்கொடுக்கும். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குதியைத் தூக்கி நிற்க வேண்டும். ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். படியில் ஏறி இறங்க வேண்டும். பள்ளிக்கு நடந்து போக வேண்டும். அந்தப் பெண் தாளில் எழுதித் தந்த எல்லாமே ஒரு சின்னப் பிள்ளை நினைக்காமலே செய்வது. எனக்கு வேர்த்து ஒழுகியது.

"உள்ள என்ன சத்தம்?" என்று மனைவி வெளியிலிருந்து கேட்பாள்.

"கதிரையோட மல்லுக்கட்டுறன்."

"அது எந்த நாளும் நடக்கிறதுதானே" என்று போய்விடுவாள்.

முதல் மாதம் ஒன்றும் நடக்கவில்லை. தாளைக் கிழித்துப் போடலாம் என்று இரண்டு தரம் எடுத்தேன். இரண்டாம் மாதம், குளியலறையில் சவர்க்காரத் தண்ணீரில் கால் வழுக்கியது. முந்தியென்றால் இடுப்பு போயிருக்கும். அன்று மற்றக் கால் தானாக முன்னுக்குப் போய் ஊன்றி நின்றது. நான் ஈரத்தோடு அப்படியே நின்று அந்தக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளினிக்கில் இரத்தத்தில் சீனி குறைந்திருக்கிறது என்றார்கள். மத்தியானத் தூக்கம் குறைந்து, படுத்தால் தூக்கம் ஒழுங்காக வரத் தொடங்கியது. மோட்டார் சைக்கிள் மழைத்துணி மூடியபடி கிடந்தது. இதையெல்லாம் நான் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் ஏன், எதற்கு என்று கேட்பார்கள்.

நாலாம் மாதம் ஒரு நாள் மத்தியான லுஹர் நேரம் பள்ளியில் என் கதிரையைத் தாண்டிப் போய் வரிசைக்குள் நின்றேன். பக்கத்தில் நின்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டார். குனிந்தேன், நிமிர்ந்தேன், பிறகு எல்லாரோடும் சேர்ந்து கீழே போனேன். முழங்கால் பட்டது, கை பட்டது, நெற்றி பட்டது. ஆறு வருடத்துக்குப் பிறகு பள்ளிக் கம்பளத்தின் மணம் மூக்கில் ஏறியது. அழுதேன் என்று சொல்ல மாட்டேன். தடிமன் பிடித்தவன் மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொழுது முடித்தேன்.

அந்தச் சந்தோசம் அன்று பின்நேரம் வரைக்கும்கூட நிற்கவில்லை. கம்பளம் தரையோடு தரை, கபுறு நெஞ்சளவு. மேலிருந்து கொடுக்கும் பாரத்தை வாங்கிக்கொண்டு குனிய வேண்டும், குனிந்து மெதுவாக வைக்க வேண்டும், பிறகு சரிகிற மணலில் ஏறி வர வேண்டும். இதை எங்கே போய்ப் பழகுவது?

அதற்கு ஒரு வழி தானாக வந்தது. எங்கள் வழக்கப்படி பெரிய வீடு இளைய மகளுக்குச் சீதனமாகப் போய்விட்டது, நாங்கள் இருவரும் பின்வளவில் இரண்டு அறை வீட்டில் இருக்கிறோம். அவள் புதிதாகக் குளியலறை கட்ட, அதற்குக் கழிவுத் தண்ணீர்க் குழி தோண்ட வேண்டியிருந்தது. மேசன் பாஸ் ஆளைப் பிடித்து நெஞ்சளவு ஆழத்துக்குக் குழியை எடுத்துவிட்டு, கல்லும் கட்டாமல், சம்மாந்துறையில் வேறு வேலைக்குப் போய்விட்டார். இரண்டு கிழமையாக ஆளைக் காணோம். மகள் போனில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் அந்தக் குழியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மாரி தொடங்கினால் அதற்குள் தண்ணீர் ஊறிவிடும். பாஸ் வந்து கல்லுக் கட்டினாலும் போச்சு.

மணல் எந்தச் சாய்வில் நிற்கும் என்று எனக்குத் தெரியும், அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன். ஒரு பக்கத்தைச் சரித்துவிட்டு, மூலையில் படி மாதிரி வெட்டி ஒரு பலகையைப் பதித்தேன். மனைவி பெரிய வீட்டுக்குப் போகும் நேரம் பார்த்து இறங்கினேன். முதல் நாள் இறங்க மட்டும் செய்தேன். ஏறுவதற்குக் கால் மணித்தியாலம் எடுத்தது. நாலாம் நாள் கையை ஊன்றி ஏறினேன். ஏழாம் நாள் கை ஊன்றாமல் ஏறினேன். அன்று அந்த வளவுக்குள் ஒருவரும் இல்லையென்றாலும் நான் சிரித்தேன்.

எட்டாம் நாள், பாரத்தோடு பார்க்க நினைத்தேன். குசினியில் இருந்த அரிசி மூடையை எடுத்து வந்து, ஒரு பன்பாயில் வைத்து நீளமாகச் சுருட்டி, இரண்டு பக்கமும் கயிற்றால் கட்டினேன். குழியின் ஓரத்தில் அதை வைத்துவிட்டு இறங்கினேன். பிஸ்மி சொல்லி, இரண்டு கையாலும் வாங்கி, நெஞ்சோடு அணைத்து, நாலு எண்ணிக் குனிந்து, தொழும் திசையான கிப்லாவைப் பார்க்க, கடலுக்கு முதுகு காட்டி அதைக் கிடத்தினேன். சரியாக வந்தது. இன்னொரு தரம் செய்வோம் என்று அதைத் தூக்கியபோது மேலே குரல் கேட்டது.

"அரிசி மூடைய எடுத்த ஆரு? உல கொதிக்கிது."

என் மனைவி குழியின் ஓரத்தில் நின்றாள். நான் பாயை இரண்டு கையிலும் ஏந்தியபடி நின்றேன்.

"இதென்ன?"

"அரிசி."

"அரிசிய ஏன் பாயில சுத்தி வெச்சிரிக்கீங்க?"

அவள் பாயைப் பார்த்தாள். இரண்டு முனையிலும் கட்டியிருந்த கட்டைப் பார்த்தாள். குழியைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவள் விளங்கிக்கொள்ளும் நேரம் முழுவதும் நான் அந்த அரிசியை ஏந்திக்கொண்டுதான் நின்றேன். கீழே வைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

பக்கத்தில் அடுக்கியிருந்த கல்லில் அவள் உட்கார்ந்தாள்.

"எனக்கா?"

"ஓம்."

"ராத்தாவ நீங்க இறக்கல்ல எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றாள். "உங்கட சாரத்தக் கழுவின நான்தானே. பின்பக்கம் முழுக்க மண். முழங்கால் பக்கம் ஒரு பொட்டு மண் இல்ல. குழிக்குள்ள இறங்கிக் குனிஞ்சவன்ட சாரம் அப்படியா இரிக்கும்?"

"ஏன் அப்ப கேக்கல்ல?"

"கேட்டா என்ன செய்வீங்க? இன்னொரு பொய் சொல்லுவீங்க."

நான் பாயைக் கீழே வைத்தேன். அவள் கோபப்படாமல் கதைத்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. பிறகு அவளுக்குக் கோபமும் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஒரு வருசம், ஒவ்வொரு நாளும் கேட்டன். கூட நடக்க வாங்க, கூட நடக்க வாங்க எண்டு. வந்தீங்களா? உசிரோட இரிக்கக்குள்ள கூட நடக்க வராத மனுசன், மௌத்தானப் பொறகு தூக்கிறதுக்குப் பழகுறீங்களா?"

அவள் சொன்னது முழுக்கச் சரி. மாதக்கணக்கில் நான் அவளுடைய மௌத்துக்காக வேர்த்து ஒழுகியிருக்கிறேன். அவள் ஒவ்வொரு காலையும் செருப்பைப் போட்டுக்கொண்டு போவதைக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறேன். இரண்டையும் ஒரு நாளாவது சேர்த்து நினைக்கவில்லை.

குசினிப் பக்கம் உலை மூடி தடதடவென்று அடித்தது. அவள் எழும்பவில்லை.

"காட்டுங்க" என்றாள்.

"என்னத்த?"

"எப்படிச் செய்வாங்க எண்டு. நான் கண்டதில்லதானே."

அறுபத்திநாலு வயது அவளுக்கு. உம்மா, வாப்பா, இரண்டு காக்காமார், எத்தனையோ பேரை வாசல் வரைக்கும் வந்து அனுப்பியிருக்கிறாள். வாசலுக்கு அப்பால் நடந்தது எதையும் அவள் கண்டதில்லை. நான் பாயை மறுபடியும் தூக்கிக் காட்டினேன்.

"மேல நிக்கிறவங்க இப்படித் தருவாங்க. உள்ள நிக்கிறவங்க வாங்குவம்."

"தலப் பக்கம் ஆரு?"

"நான்."

"வலப்பக்கமாச் சரிச்சா?"

"ஓம். கட்ட அவுத்து, கன்னம் மண்ணில படுற மாதிரி வெக்கணும். முதுகுக்கு மண் அண குடுக்கணும், மல்லாக்கக் கிறுகாம."

"மறுகா?"

"பலக வெச்சு மூடுவாங்க. அதுக்குப் பொறகுதான் மண். மண் மேல விழாது."

சமையல் சொல்லிக் கேட்பவள் மாதிரி ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக் கேட்டாள். மண் மேலே விழாது என்றதும் அவள் முகம் கொஞ்சம் இளகியது.

"மண்ணப் போட்டிட்டு எல்லாரும் போயிருவீங்க."

"துஆ ஓதிட்டுப் போற. போகத்தானே வேணும்."

"நீங்க கொஞ்சம் நிண்டிட்டுப் போங்க" என்றாள். "உங்களுக்குத்தான் ஒரு இடத்தில நிக்க ஏலாதே. அண்டைக்கு மட்டும் கொஞ்சம் நில்லுங்க."

"ஓம்" என்றேன். வாயில் பிஸ்கட் இல்லாமல் சொன்ன ஓம்.

அவள் எழும்பி, ஏறுவதற்குக் கையை நீட்டினாள். பிடித்தால் அவளும் உள்ளே வந்துவிடுவாள். வேண்டாம் என்று பலகையில் காலை வைத்து, கை ஊன்றாமல் ஏறி அவள் முன்னால் நின்றேன். என் முழங்காலைப் பார்த்தாள். சாரத்தில் முன்பக்கம் முழுவதும் மண்.

"இப்பதான் சரி" என்றாள். "அரிசியத் தாங்க. தண்ணி வத்திரும்."

அடுத்த நாள் சுபஹு முடிந்து வந்தபோது என் மற்றச் சோடிச் செருப்பை அவளுடைய செருப்புக்குப் பக்கத்தில் எடுத்து வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் என்னைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டு, தங்களுக்குள் என்னவோ சிரித்துக்கொண்டு முன்னால் நடந்தார்கள். நாங்கள் பின்னால் போனோம். ஈர மணல் காலுக்கு இறுக்கமாக இருந்தது. நான் வேகம் வைத்தேன். இத்தனை நாள் பழகிய காலை அவளுக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு வீம்பு.

கொஞ்சத் தூரம் போனதும் அவளைப் பக்கத்தில் காணவில்லை. திரும்பிப் பார்த்தேன். மணலில் ஏற்றி வைத்திருந்த ஒரு பழைய வள்ளத்தின் ஓரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்றக் கை நெஞ்சில் இருந்தது. வாயால் மூச்சு வாங்கினாள். முன்னால் போன பெண்கள் இரண்டு பேரும் நிற்கவில்லை. அவர்களுக்கு அது பழக்கம் போல, திரும்பியும் பார்க்காமல் பாண்டிருப்புப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

நான் ஓடி வந்தேன். ஓடுவதற்குக் கால் இருந்தது.

"என்ன செய்யிது?"

"ஒண்டுமில்ல. எந்த நாளும் இவடத்த வந்ததும் இப்படித்தான். கொஞ்சம் நிண்டாச் சரியாகும்."

"எந்த நாளுமா?"

"மூணு வருசமா."

வள்ளத்தின் அந்த ஓரத்தில், அவள் கை இருக்கும் இடத்தில் மட்டும், நீலப் பெயின்ட் தேய்ந்து மரம் தெரிந்தது. நான் கேற்றுக்கும் கதிரைக்கும் நடந்துகொண்டிருந்த அத்தனை காலையும் அவள் இங்கே தனியாக நின்று மூச்சு வாங்கியிருக்கிறாள்.

ஆஸ்பத்திரிக்குப் போவோமா, தண்ணீர் வாங்கி வரவா, ஓட்டோ பிடிக்கவா என்று நான் அங்கும் இங்கும் ஓடப் பார்த்தேன். அவள் வள்ளத்தை விட்டுவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"ஒண்டும் வேணா" என்றாள். "கொஞ்சம் நில்லுங்க."

நின்றேன்.